பெரிய துண்டில் ஒரு டிக்

துணி வெட்டுவதுதான் என் பிழைப்பு. கத்தரியால் அல்ல, சட்டைக்கும் பாவாடைக்கும் கணினியில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டும் அளவு வரைபடம், வரைந்து தையல் கூடங்களுக்குக் கொடுப்பேன். பதினோரு வருட வேலை ஒரே கணினியில் இருந்தது. நகலா? எடுக்கணும் எடுக்கணும் என்று வாயால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை கணினியை ஓட்டும் லினக்ஸ் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. பென் டிரைவிலிருந்து புதிதாகப் போட உட்கார்ந்தேன். ‘டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?’ என்றது. நல்ல கேள்வி போ! நானே பிரித்துக்கொள்கிறேன் என்பதை அழுத்தினேன்.

டிஸ்க்கில் மூன்று துண்டுகள் தெரிந்தன: முப்பது ஜிபி, எட்டு, நானூறு.

வெட்டியது என் அண்ணன், ஐந்து வருடத்துக்கு முன்னால். ஒன்றாகவே வை என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வெட்டினான். பிறகு ஒரு அவசர ஆர்டரின்போது முப்பது ஜிபி துண்டு நிரம்பி, பெரியது முக்கால்வாசி காலியாகக் கிடக்க, இடமில்லை என்று கணினி அடம்பிடித்தது. “வெட்டத் தெரியலைன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே!” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். இடம் பண்ணிக்கொடுத்துவிட்டுப் போனான். அதோடு பேச்சு நின்று இரண்டு வருடம்.

“அவரைக் கூப்பிடேன்,” என்றார் கணவர்.

“மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?”

“ஃபோன்ல மூஞ்சி தெரியாது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துணியைத் துவைத்துத்தான் வெட்டுவேன். அந்தப் பழக்கத்தில், சுத்தமாக இருக்கட்டுமே என்று மூன்றுக்கும் ‘ஃபார்மேட்’ டிக் போட்டேன். ஆனால் ‘நிறுவு’ என்பதை அழுத்த விரல் போகவில்லை. ஏன் வெட்டினான்? தெரியாமல் மண்டை குடைந்தது. கூப்பிட்டுவிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

“டிஸ்க்கை ஏன் மூணா வெட்டினே?”

“முப்பதுல சிஸ்டம், பெரிசுல உன் பேட்டர்ன். நடுவுல இருக்கறது மெமரி பத்தாதப்போ உதவும். சிஸ்டம் படுத்துட்டா அந்த முப்பதை மட்டும் அழிச்சுப் புதுசா போடலாம். நீ நகல் எடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?” சட்டென்று குரல் மாறியது. “பெரிசுல ஃபார்மேட் டிக் இருக்கா பாரு.”

இருந்தது. என் கையாலேயே போட்டது. ‘நிறுவு’ அழுத்தியிருந்தால் பதினோரு வருடமும் அழிந்திருக்கும். எடுத்தேன்.

“இப்ப இல்லை.”

“உன் ஃபைல் இருக்கற இடம்னு சிஸ்டத்துக்குத் தெரியணும், அதுக்கு ஹோம்னு மட்டும் பேர் குடு. அப்புறம்... சிஸ்டத்துக்கு முப்பதுன்னு வெச்சது என் தப்புதான். கஞ்சத்தனம் பண்ணிட்டேன்.”

இதைக் கேட்கத்தான் இரண்டு வருடம் முறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டபோது வெட்கமாக இருந்தது.

புது லினக்ஸ் ஏறி முடியும்வரை அரை மணி நேரம் லைனிலேயே இருந்தான். பெரிய துண்டைத் திறந்து பார்த்தேன், பதினோரு வருட வேலையும் அப்படியே இருந்தது.

“சரி, வேலையைப் பாரு,” என்றான்.

“வெச்சிடாதே அண்ணா.”

ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பாதியில் நின்ற பேட்டர்னைத் திறந்தேன். அவனும் வைக்கவில்லை.