வெங்காரத் துணி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோயமுத்தூரில் எந்தப் பட்டறைக்குள் போனாலும் ஒரே கழுவல்தான். லேத்தைக் கழுவுவார்கள், டிரில்லிங் மெஷினைத் துடைப்பார்கள், வருஷமெல்லாம் மூலையில் கிடந்த ஸ்பேனருக்குக்கூட அன்றைக்குக் குளியல் உண்டு. கணபதியில் கீதாவின் பட்டறையிலும் அப்படித்தான். அதிலும் கீதாவுக்கு இந்த விஷயத்தில் வேகம் கொஞ்சம் ஜாஸ்தி. கழுவுவதற்கென்று ஒரு பட்டம் கொடுத்தால் அது உனக்குத்தான் என்று அவள் புருஷன் கிருபாசங்கர் வருஷா வருஷம் சொல்லுவான். அவளும் சிரித்துக்கொண்டே இன்னொரு வாளி தண்ணீர் பிடிப்பாள்.

அந்த வேகத்தில்தான் அந்தத் துணியையும் துவைத்துப்போட்டாள்.

என்ன துணி என்று சொல்லிவிடுகிறேன். பம்ப்செட்டுக்குச் சாமான் கடைந்து பிழைக்கிற இந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு ராக்கெட் கிறுக்கு. நிலாவுக்குப் போகிற ராக்கெட் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைக் குழாய், அடியில் மருந்து அடைத்த ஒரு மோட்டார், தலையில் ஒரு கூம்பு, அவ்வளவுதான். முறையாக அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் காரமடைக்கு அந்தப் பக்கம் அரங்கசாமி என்கிறவருடைய தரிசுக் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். சூலூர் பக்கம் விட்டால் விமானப்படைக்காரர்கள் ராக்கெட்டோடு ஆளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் அவ்வளவு தூரம்.

மேலே போவது ஒன்றும் பெரிய காரியமில்லை. தீபாவளி வாணம்கூடத்தான் போகிறது. போனது முழுசாகத் திரும்பி வரவேண்டும், வித்தை அதில்தான் இருக்கிறது. உச்சிக்குப் போனதும் குழாய்க்குள் கொஞ்சம் கருமருந்து வெடிக்கும். அந்த வேகத்தில் கூம்பு கழன்று, பாராசூட் வெளியே வந்து விரியும். பாராசூட்டோ நைலான். அந்தச் சூடு பட்டால் பொசுங்கிவிடும். அதனால் அதைச் சுற்றித் தீப்பிடிக்காத துணி ஒன்று வேண்டும். கீதா அதைத் தன் கையாலேயே செய்திருந்தாள். பித்தளை பற்றவைக்கப் போடுகிற வெங்காரத்தையும் கேரம் போர்டுக்குப் போடுகிற பவுடரையும் வெந்நீரில் கரைத்து, காடாத் துணியை ஊறவைத்துக் காயப்போட்டால் தீ அதை அண்டாது. ஒரே ஒரு நிபந்தனை, தண்ணீர் படக்கூடாது. பட்டால் வெங்காரமெல்லாம் கரைந்து ஓடி வெறும் துணியாகிவிடும். டப்பாவின் மேல் ‘நனைக்காதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினவளே கீதாதான்.

எழுதினவள் கைதான் முந்திக்கொண்டது. கரி பிடித்து, மருந்து நாற்றத்தோடு கிடந்த அதைப் பார்த்ததும் சாமி முன்னால் இப்படியா வைப்பது என்று தோன்றியது, அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கசக்கி, கொடியில் காயப்போட்டு, நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து ராக்கெட் பக்கத்தில் மடித்து வைத்தாள். பொரி கடலை, சுண்டல், தேங்காய் எல்லாம் நல்லபடியாக நடந்தது. துணி பளிச்சென்று இருந்ததில் அவளுக்குப் பெருமை வேறு.

அடுத்த ஞாயிறு விட்ட ராக்கெட் விரியாத பாராசூட்டோடு வந்து விழுந்து மூன்று துண்டாகிப்போனது. முதலில் ஓடிப்போய் எடுத்தவள் கீதா. நைலான் உருகிக் கட்டியாக ஒட்டிக் கிடந்தது. துணியில் கை நுழைகிற ஓட்டை. கருகாமல் மிஞ்சின ஒரு மூலையில் குங்குமம் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துணியைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் யுஸ்ரா முந்திக்கொண்டாள். யுஸ்ரா உக்கடத்துப் பெண், கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சாயப்பட்டறை ஒன்றில் லேப் பார்க்கிறாள். இரண்டு வருஷமாக இவர்களோடு சேர்ந்து ராக்கெட் விடுகிறாள். மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுவது அவள் வேலை.

“நாந்தானுங்கண்ணா மருந்தக் கூட வச்சிருப்பேன்,” என்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

துணி எங்கே என்று கிருபாசங்கர் கேட்டான். அதுவும் பொசுங்கிவிட்டது என்று கீதா சொன்னாள். அது பொய்யில்லையே. துணியே தாங்கவில்லை என்றால் மருந்து ஜாஸ்திதான், அடுத்த தடவை பார்த்துக்கலாம் விடு கண்ணு என்று அவன் யுஸ்ராவைத் தேற்றினான். கீதா வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்படி என்னதான் பயம்? கிருபாசங்கர் அடிக்கிறவனா, வைகிறவனா? நாலு நாள் கேலி பண்ணுவான். ‘நனைக்காதீர்கள்’னு எழுதினவ நனைச்சுப்போட்டா என்று பட்டறைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்த நாலு நாள் சிரிப்புக்குப் பயந்து ஒரு பெண்ணின் தலையில் பழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சும்மா இல்லை. சின்னத்தனம், வேறென்ன சொல்ல.

அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யுஸ்ரா சாயங்காலமானால் போன் பண்ணுவாள். தராசை மாற்றிவிட்டேன் என்பாள். மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன் என்பாள். கடைசியில் ஒருநாள், இரண்டு கிராம் போட்ட இடத்தில் இனி ஒரு கிராம்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். இரண்டு கிராம்தான் சரியான அளவு என்பது கீதாவுக்குத் தெரியுமே. கூம்பு கழலாமல் போனால் ராக்கெட் கடப்பாரை மாதிரி நேராகத் தலைகீழாய் இறங்கும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அத்தனை குறைக்கணுமா கண்ணு என்று இழுத்தாள்.

“இன்னொருக்கா எரிச்சுப்போட்டேன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேனுங்கக்கா,” என்றாள் யுஸ்ரா.

கீதா போனை வைத்துவிட்டுப் புதுக் காடாத் துணியை எடுத்தாள். வெங்காரத்தை ஒரு பங்குக்கு இரண்டு பங்காகப் போட்டு ஊறவைத்தாள். அப்படிச் செய்தால் பாவம் தீரும் என்று நினைத்தாளோ என்னவோ. பட்டறையில் வைத்து ஒரு கிராமில் சோதித்தபோது கூம்பு கழன்று ஒரு முழம் தள்ளி விழுந்தது. முன்பெல்லாம் எதிர்ச் சுவரில் போய் மோதும். கழண்டுச்சல்ல, போதும் என்றான் கிருபாசங்கர். கீதாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு தடவை நல்லபடியாக இறங்கட்டும், இறங்கினதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று காரமடை ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டாள். பெருமாளிடம் சொன்னதை யுஸ்ராவிடம் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

கார்த்திகைப் பனியில் காடு நனைந்து கிடந்தது. அட்டைக் குழாயும் ஈரம் குடித்து லேசாக ஊதிக் கூம்பை இறுக்கியிருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. ராக்கெட் அழகாகத்தான் போனது. உச்சியில் ‘டப்’ என்று சின்னதாகச் சத்தம் கேட்டது. குழாயின் கழுத்தில் ஒரு இணுக்குப் புகை வந்தது. கூம்பு கழலவில்லை.

காட்டோரம் அரங்கசாமி மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டின எல்லைக்கு வெளியேதான் இருந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் நிமிர்ந்தார், எங்கே ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். கையெட்டும் தூரத்தில், அவர் அறுத்துப் போட்டிருந்த தட்டுக் கட்டைக் கிழித்துக்கொண்டு ராக்கெட் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியது.

அவர்கள் ஓடிப்போனபோது அரங்கசாமியின் கையிலிருந்த அரிவாள் கீழே கிடந்தது. ஆனாலும் மரியாதை குறையாமல்தான் கேட்டார்.

“ஏனுங்க, இது இப்படித்தான் எறங்குங்களா?”

யுஸ்ரா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அன்னிக்குக் கூட வச்சேன், இன்னிக்குக் கம்மியா வச்சேன், ஒரு மனுசனைக் கொன்னிருப்பேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் கீதாவால் முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உம்மேல தப்பே இல்ல கண்ணு. ஆயுத பூஜைக்கு நான் துணியத் துவைச்சுப்போட்டேன்.”

குங்குமம், கைப்பை, வாயடைத்து நின்றது, ஒன்றுவிடாமல் சொன்னாள். கிருபாசங்கர் கேலி பண்ணவில்லை. கேலி பண்ணித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மண்ணுக்குள் கிடந்த ராக்கெட்டைப் பிடுங்கப் போனான்.

யுஸ்ரா அழுகையை நிறுத்தினாள். கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?”

“அன்னிக்கே.”

“அப்ப நான் ரெண்ட ஒண்ணாக்குனப்பவும் தெரியும்.”

கீதா தெரியும் என்றாள்.

யுஸ்ரா எழுந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், திட்டவில்லை. நேராக அரங்கசாமியிடம் போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மருந்தைக் குறைச்சுப் போட்டது நாந்தானுங்கய்யா, என்னை மன்னிச்சுக்குங்க என்றாள்.

கீதா பத்தடி தள்ளி நின்றாள். அரங்கசாமி சொன்னது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

“போகுதுங்க அம்மணி, அழாதீங்க. தெரியாமச் செஞ்சதுதானுங்களே.”