ஏழாம் நம்பர் கார்ட்லெஸ்

ஹாலில் இருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நாற்பத்து மூன்று எட்டு. முத்துப்பேச்சி மூன்று தடவை நடந்து அளந்துவிட்டாள். படிகளை ஒன்றுவிட்டு ஒன்று தாண்டினால் முப்பத்தெட்டில் போய்விடலாம். ஆனால் இப்போது அப்படித் தாண்டக் கூடாது. ஏன் கூடாது என்பது அவளுக்கும் மாமியார் ரத்தினத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

அவளுடைய புருஷன் சங்கிலிப்பாண்டி பட்டாளத்துக்காரன். ஐப்பசியில் கல்யாணம். கார்த்திகை முடியும் முன்னே லீவு முடிந்து அஸ்ஸாமில் தேஜ்பூருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி வாக்கில், அங்கே எஸ்.டி.டி. பூத் வரிசையில் நின்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போடுவான். ஐந்து நிமிஷம் கிடைக்கும்.

அந்த ஐந்து நிமிஷம் எப்படிப் போகும் என்று கேட்டால் முத்துப்பேச்சி விரல் மடக்கிச் சொல்லுவாள். போன் இருப்பது ஹாலில், மாமனாரின் நாற்காலிக் கைப்பிடியை ஒட்டி. போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயரான மனுஷர். மணி அடித்தால் அவர்தான் எடுப்பார். அங்கே குளிர் எப்படி, மேலதிகாரி எப்படி என்று விசாரணை மூன்று நிமிஷம். மாமியார் ஒன்றரை நிமிஷம். கடைசியில் ரிசீவர் மருமகள் கைக்கு வரும். மாமனார் பேப்பரை விரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். பேப்பரில் ஒரு பக்கமும் புரளாது.

போன வாரம் அவள் பேசியது இவ்வளவுதான்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீக?"

"ரொட்டி."

"சரி."

ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது.

அடுப்படியில் மாமியார் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ரொட்டியைக் கேக்கவா போன்? நீ சொல்லப் போறியா, நான் சொல்லட்டுமா? எனக்கு இது வயித்துல நிக்கல."

"அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவுகட்ட நான்தான் சொல்லணும். என் வாயால சொல்லணும். மொத ஆளா."

"மாமாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டா?"

"அதான் முடியலையே."

"இன்னும் ஒரு ஞாயித்துக்கெழமை தாரேன். அதுக்குள்ள சொல்லலேன்னா நானே சொல்லிருவேன். பொறவு என்னைக் குத்தஞ்சொல்லக் கூடாது."

இந்தக் கெடுவில் இருக்கும்போதுதான் வத்திராயிருப்பில் இருந்து அவளுடைய அப்பா மலைச்சாமி வந்து நின்றார். தலைப்பொங்கல் சீருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் போக வந்தவர்.

"கிரைண்டரா, பீரோவா? சொல்லு தாயி."

"கார்ட்லெஸ் போன் வேணும்ப்பா."

"அது என்ன கழுதை?"

"வயர் இல்லாத போன். கையில எடுத்துக்கிட்டு மாடிக்குக் கூடப் போகலாம்."

மலைச்சாமி மகளை ஒரு தடவை பார்த்தார், மாமனாரின் நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப ரெண்டு வாங்கணும்," என்றார்.

இரண்டு ஏன் என்றால், மூத்த மகள் நாச்சியாரைக் கட்டிக்கொடுத்திருப்பது அதே தெருவில், நேர் எதிர்வீட்டில். மலைச்சாமி ஒரு மகளுக்கு என்ன செய்தாலும் அடுத்தவளுக்கும் அச்சுப் பிசகாமல் அதையே செய்வார். முன்பு ஒரு ஆடிக்கு, மூத்தவளுக்குச் சீராகவும் இளையவளுக்குக் கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கவும் குக்கர் வாங்கியவர், ஒன்றை ஐந்து லிட்டராகவும் ஒன்றை மூன்று லிட்டராகவும் வாங்கிவிட்டார். நாச்சியாருக்கு வந்தது மூன்று லிட்டர். அவளுடைய மாமியார் இருளம்மாள் அதை ஆறு மாசம் பேசினாள். இருளம்மாள் பேசினால் ஊர்க்கடைசியில் மடவார் வளாகத்துக் கோயில் வரைக்கும் கேட்கும். அன்றிலிருந்து மலைச்சாமி கரும்பைக் கூட ஜோடி சேர்த்து, உயரம் பார்த்துத்தான் கட்டுவார்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வைகுண்டராஜ் என்பவரின் கடை. அவரும் அவர் சம்சாரமும் கல்லாவில் இருந்தார்கள். அவர் மூன்று பெட்டியை எடுத்து வைத்தார். அதில் ஒன்று வெள்ளை நிறத்தில் சோப்புக்கட்டி மாதிரி அழகாக இருந்தது. முத்துப்பேச்சியின் கை அதற்குத்தான் போனது.

"வீட்டுச் சுவரு எப்படிம்மா?" என்றார் வைகுண்டராஜ்.

"பழைய காரைச் சுவரு. ஒண்ணரை முழம் இருக்கும்."

"அப்ப அழகைப் பாக்காதீங்க, ஏரியலைப் பாருங்க. எதுக்கும் பேசிப் பாத்தே எடுங்க. நம்ம கடையில ரெண்டு லைன் இருக்கு."

வெள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கி நடந்தாள். கடைக்குள் இன்னொரு போனில் மலைச்சாமி.

"யம்மா, கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"இப்பக் கேக்குதா?"

இருபத்தாறாவது எட்டில், பழக்கடை வாசலில், அப்பாவின் குரலை யாரோ எண்ணெய்ச் சட்டியில் தூக்கிப் போட்ட மாதிரி பொரிந்தது. வெள்ளை தோற்றது. சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. பார்க்கச் சுமார்தான். ஆனால் ஏரியலை இழுத்துவிட்டால் முழங்கை நீளம். அதை எடுத்துக்கொண்டு பழக்கடை தாண்டினாள், சைக்கிள் கடை தாண்டினாள், ஒரு கல்யாண மண்டபத்துச் சுவருக்குப் பின்னாலும் போய் நின்றுகொண்டாள். அறுபத்தொன்று.

"யம்மா, எங்க இருக்க? ஆளையே காணோம். வீட்டுக்குப் போயிட்டியா?"

"கேக்குதுப்பா! நல்லாக் கேக்குது!"

கம்பு நீட்டிய டப்பாவிடம் ஒரு பெண் சத்தம் போட்டுச் சிரிப்பதைப் பார்த்து சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். அவளுக்கு அதுவும் சிரிப்பாக வந்தது.

அவள் திரும்பி வருவதற்குள் மலைச்சாமி இரண்டு சாம்பல் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருந்தார். வைகுண்டராஜ் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாரு தாயி, பொட்டிக்கு அடியில நம்பர் ஒட்டியிருக்கு. ஒண்ணு ஏழாம் நம்பர் எடுத்தா இன்னொண்ணு மூணாம் நம்பர் எடுக்கணுமாம். எதிரெதிர் வீட்டுக்கு ஒரே நம்பர் ஆகாதுங்காரு. உனக்கு ஏழு, உங்க அக்காவுக்கு மூணுன்னா அவ மாமியா விடுவாகளா? ரெண்டையும் ஏழாவே எடுத்துட்டேன்."

"அண்ணாச்சி, நான் சொல்லுததைச் செத்தக் கேளுங்க. அந்த நம்பருங்கது தடம் மாதிரி. ஒரே தடத்துல ஒரே நேரத்துல ரெண்டு பஸ் வந்தா..."

"வரட்டுமே! வத்திராயிருப்புத் தடத்துல அப்படி வந்தா நமக்கு நல்லதுதான!"

வைகுண்டராஜ் தம் சம்சாரத்திடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துப்பேச்சி இது எதையும் காதில் வாங்கவில்லை. அறுபத்தொன்றில் நாற்பத்து மூன்று போனால் இன்னும் பதினெட்டு எட்டு மிச்சம் இருக்கிறது என்ற சந்தோஷம் அவளுக்கு.

"பொட்டியை இரும்பு பீரோ மேல வைக்காதீங்கம்மா. டி.வி. பக்கத்துலயும் ஆகாது. உசரமான பலகையில வைங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினார் வைகுண்டராஜ்.

பெட்டிகளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? சீர் பிறந்த வீட்டில் இருந்துதானே வர வேண்டும். ராஜபாளையத்தில் வாங்கிய போன் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து வத்திராயிருப்புக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கரும்பு, பானை, மஞ்சள்கொத்து, வெற்றிலைத் தட்டு சகிதம் திரும்பி வந்தது. ஏரியலின் அடியில் சந்தனம் குங்குமம்.

"ராத்திரி பூரா கரண்டுல போட்டு வச்சேன். ரெண்டுக்கும் ஒரே நேரம்," என்றார் மலைச்சாமி. சாமி படத்துப் பலகையில் பெட்டியை வைத்து வயரைச் சொருகிக் கொடுத்துவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு மணி அடித்தது. மாமனார் கார்ட்லெஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பித்தானை அமுக்கி, குளிரை விசாரித்தார். மேலதிகாரியை விசாரிப்பதற்குள் மாமியார் குறுக்கே விழுந்தாள்.

"போதும், புள்ளைட்டக் குடுங்க."

"நீ பேசலையா?"

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

முத்துப்பேச்சி வாங்கினாள், நடந்தாள். பின்னால் மாமனார், "அங்க எங்க போறா?" என்பதும், "மேல போனாத்தான் தெளிவாக் கேக்குமாம், கடைக்காரர் சொன்னாராம்," என்று மாமியார் பொய் சொல்லுவதும் காதில் விழுந்தன. நாற்பத்து ஒன்று, நாற்பத்து இரண்டு, நாற்பத்து மூன்று. தொட்டிச் சுவரில் சாய்ந்தாள். கோயில் கோபுரத்துப் பக்கம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஈ, காக்கை இல்லை.

"என்னங்க."

"பேச்சி? என்னட்டி, குரலே வேற மாதிரி இருக்கு?"

"மாடியில இருந்து பேசுதேன். நான் மட்டுந்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பாதி நிமிஷம் சிரிப்பிலேயே போயிற்று. கல்யாணமான இத்தனை நாளில் அவன் இப்படிச் சிரித்து அவள் போனில் கேட்டதே இல்லை.

"எதிர்வீட்டு அத்தை எப்படி இருக்காக? இன்னும் அதே சத்தந்தானா?"

"அவுகளுக்குப் போன் எதுக்கு? வாசல்ல நின்னு பேசினாலே தேஜ்பூருக்குக் கேக்கும்."

"சரி, பின்னாடி பன்னெண்டு பேரு நிக்கானுக. வேற என்ன சேதி?"

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நம்ம வீட்டுக்கு ஒரு ஆளு வருது."

"ஆரு? வன்னியம்பட்டி மாமாவா?"

"இல்ல. ஆடி, ஆவணியில வரும். பொட்டி படுக்கை ஒண்ணும் இல்லாம வரும். வந்தா நம்மகூடயேதான் இருக்கும்."

போனில் கரகரவென்று சத்தம் மட்டும். லைன் போய்விட்டதோ என்று அவள் ஏரியலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேச்சி," என்றான். "நெசமாவா?"

"நெசமா. நான்தான் மொதல்ல சொல்லுதேன். வேற யாரும் சொல்லிரக் கூடாதுன்னு..."

அவள் முடிக்கவில்லை. போனுக்குள் இருந்து ஒரு குலவை கிளம்பியது. தொண்டை கிழிய, நாக்கு சுழல, முளைப்பாரித் திருவிழாவில் போடுகிற மாதிரி முழுக்குலவை. ஒரு காதுக்குள் போன் வழியாகவும், இன்னொரு காதில் தெரு வழியாகவும் ஒரே நேரத்தில் வந்தது.

"ஏட்டி, என்னது அது!" என்று தேஜ்பூரில் சங்கிலிப்பாண்டி அலறினான்.

முத்துப்பேச்சி கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் இருளம்மாள். கையில் சாம்பல் நிறக் கார்ட்லெஸ், ஏரியல் முழுசாக இழுத்துவிட்டபடி. பின்னால் நாச்சியார் அம்மிக்கல் மாதிரி அசையாமல் நின்றாள். மலைச்சாமி தோள் துண்டால் கண்ணைத் துடைப்பதா, சிரிப்பை மறைப்பதா என்று தெரியாமல் முகத்தையே மூடிக்கொண்டிருந்தார். "காதுல வச்சுப் பாருங்க சம்மந்தி, எம்புட்டுத் தெளிவா இருக்குன்னு," என்று அவர்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இருளம்மாளும் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"எனக்குப் போன் எதுக்கா?" என்று தெருவில் இருந்து கத்தினாள் இருளம்மாள். "வாசல்ல நின்னு பேசினாலே கேக்குமா? கேட்டுச்சாடா சங்கிலி?"

"கேட்டுச்சு அத்தை!" என்றான் அவன். லைன் அறுந்தது. ஐந்து நிமிஷம் முடிந்துபோயிற்று.

முத்துப்பேச்சி கீழே இறங்கியபோது அவள் முகம் செம்பருத்தி மாதிரி இருந்தது. ஹாலில் மாமனார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மாமியார் அவர் காதில் சொல்லி முடித்திருந்தாள். பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். முத்துப்பேச்சி தலையைக் குனிந்தபடி போனை அவரிடம் நீட்டினாள்.

மலைச்சாமி தெருவைத் தாண்டி ஓடிவந்தார். "தாயி, தப்பு என் பேர்லதான். அந்தக் கடைக்காரர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. நாளைக்கே ராஜபாளையத்துக்குப் போயி மாத்தீருதேன். ரெண்டையும் குடுத்துட்டு, ரெண்டையும் மூணாம் நம்பரா வாங்கியாந்திருதேன்."

"சம்மந்தி!" என்று அவர் பின்னாலேயே வந்தாள் இருளம்மாள். "ரெண்டும் ஒண்ணா வேண்டாம். சின்னஞ்சிறுசுக பேசுதது எனக்கு எதுக்கு? எனக்கு வேற நம்பரா மாத்திக் குடுங்க."

"மூணாம் நம்பர்தான் இருக்கு. ஏழைவிடச் சின்னதாச்சே..."

"இருக்கட்டும்ங்கேன். குக்கரா அது?"

மலைச்சாமிக்கு இப்போதுதான் உண்மையாகவே கண் கலங்கியது.

அந்த நேரம் மறுபடியும் மணி அடித்தது. தேஜ்பூரில் வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும், குலவைச் சத்தத்துக்குக் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சங்கிலிப்பாண்டியையே இன்னொரு தடவை உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள். மாமனார் கையில் இருந்த கார்ட்லெஸ் கிணுகிணுத்தது. இருளம்மாள் கையில் இருந்ததும் கூடவே கிணுகிணுத்தது.

மாமனார் பழக்கத்தில் பித்தானுக்கு விரலைக் கொண்டுபோனார். அப்புறம் நிறுத்திக்கொண்டார். அமுக்காமலே மருமகளிடம் நீட்டினார்.

"உனக்குத்தாம்மா. நீயே எடு. மேல போய்ப் பேசு. படியில மெல்லப் போ."

முத்துப்பேச்சி மெல்லப் போனாள். மாடியில் இருந்து எட்டிப் பார்த்தபோது, இருளம்மாள் தன் கையில் அடித்துக்கொண்டிருந்த போனை மலைச்சாமியின் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள்.