பொம்மை அலமாரி திறந்த நாள்

பகலெல்லாம் வீட்டில் பூட்டிய அறையில் தனியாகக் கிடக்கிற பிள்ளைக்கு நடிப்பு தானாக வந்துவிடும். சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவளின் மகள், நாலு வயசு வாயாடி, தலையணைக்கு அக்காவாக இருப்பாள்; அலுத்தால் தங்கச்சியாகிவிடுவாள். பேச ஆள் வேண்டுமே.

கம்பெனியில் குழந்தைகள் அறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். பொம்மைகள் அலமாரியிலிருந்து இறங்கும்.

"பிள்ளைங்கள குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாங்க. தினமும் வர்ற மாதிரி இருக்கணும்," என்றார் மேனேஜர். அன்றைக்கு ஆயாவாக நிற்கும் வேலை காலர்காரிக்கு விழுந்தது.

வந்த வெள்ளைக்காரம்மா தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காலர்காரிக்கு ஒரு நப்பாசை. இந்தம்மாவுக்கு விஷயம் தெரிந்தால் அறை தினமும் திறக்குமோ? பிள்ளையைப் பூட்டிவிட்டு வர வேண்டாமே.

வெள்ளைக்காரம்மா கேட்டதை மேனேஜர் வாயாடியிடம் சொன்னார். "தினமும் இங்க என்ன பாப்பா விளையாடுவ?"

"தினமும் இல்ல மாமா, இன்னிக்குத்தான் விளையாட்டு. எங்கம்மா ஆயா. நான் தினமும் வர்ற பாப்பா. இந்த ஆன்ட்டி யாரா நடிக்கிறாங்க?"

போட்டு உடைத்துவிட்டாள். மேனேஜர் கண் இமைக்காமல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெள்ளைக்காரம்மா சிரித்துக் கைதட்டினாள். பிறகு காலர்காரியை நிமிர்ந்து பார்த்து என்னவோ கேட்டாள்.

"நீ ஏதாவது சொல்லணுமான்னு கேக்குறாங்க," என்றார் மேனேஜர். உதடுதான் சிரித்தது.

சொன்னாலும் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். நாளைக்கு மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். "ஒண்ணுமில்லைங்க," என்றாள்.

கார் கிளம்பியதும் பொம்மைகளை வாயாடியின் கையிலிருந்து பிடுங்கி அடுக்கினார்கள்.

"உம் பொண்ணு கெட்டிக்காரி. அடுத்த தடவையும் கூட்டிட்டு வா," என்றார் மேனேஜர். பாராட்டுதான்.

வழியெல்லாம் வாயாடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ சரியாவே நடிக்கலம்மா. சும்மாவே நின்ன."

"நல்லாத்தாண்டி நடிச்சேன்," என்றாள் காலர்காரி.