ஐ.பி.எஸ். சல்யூட்

தன் குடல் நோயின் பெயர் ஐ.பி.எஸ். என்று அவன் வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து, பட்டறையில் அவனுக்குப் போலீஸ் சல்யூட்தான்.

ஒருநாள் வயிறு முறுக்கி அவன் கழிப்பறைக்கு ஓடியபோது, ஃபோர்மேன் கதவை மறித்து நின்றான்.

“ஐயாவோட டெஸ்ட் எல்லாம் நார்மலாமே! அப்புறம் என்னய்யா நடிப்பு?”

இந்த நோய்க்காகவே அவன் பார்த்துவந்த மனநல ஆலோசகர் பழக்கியபடி மூச்சை இழுத்துவிட்டு, “எனக்கு இப்பவே போகணும், வழி விடுங்க” என்றான்.

ஃபோர்மேன் சல்யூட் அடித்துவிட்டு, அவன் வயிற்றில் முழங்கையால் குத்தினான். கால்சட்டை நனைந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் ஸ்பானரை எடுத்தான். ஃபோர்மேனின் தாடை உடைந்த பிறகும் அடிப்பதை நிறுத்தவில்லை. நாலு பேர் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது.

லாக்கப்புக்கு ஆலோசகர் பார்க்க வந்தார்.

“வயிறு எப்படி இருக்கு?”

“அடிச்சதுலேருந்து வலியே இல்ல மேடம். அதான் பயமா இருக்கு.”