ஜமீன்தாரும் அக்காவின் கோழிகளும்

எலக்ட்ரீஷியன் தன் அக்கா வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே அவனுடைய நாய் ஒரு கோழியைக் கொன்றுவிட்டது. வந்த வீட்டில் இதைவிட மோசமாக ஒருவன் பெயரைக் கெடுத்துக்கொள்ள முடியாது. பழைய வீட்டுக்காரர் இந்த நாயைக் காரணம் காட்டித்தான் அவனைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். போக வேறு இடம் கிடையாது என்பதெல்லாம் நாய்க்குத் தெரியுமா என்ன? ஜமீன்தார் என்று பெயர் வைத்தால் ஜமீன்தார் மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

அக்காவுக்குக் கோழிகள்தான் பிள்ளை குட்டிகள். பகலில் கூண்டில் அடைக்கவே மாட்டாள். வீட்டைச் சுற்றி அவை இஷ்டத்துக்கு மேயும்.

"இன்னொரு கோழி மேல பல்லு பட்டுச்சுன்னா நாய் வெளிய போயிடணும். நீ இருக்கலாம், அது இருக்கக் கூடாது" என்றாள்.

"சரிக்கா. பழக்கிடறேன்."

"எதை? நாயையா, கோழியையா?"

மறுநாளே கயிற்றின் ஒரு முனையை நாயின் கழுத்திலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, முற்றத்தில் உட்கார்ந்து பழுதான மிக்ஸிகளைப் பிரித்தான். கோழியைக் கண்டதும் நாய் விறைக்கும். அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. அது எப்போது முகத்தைத் திருப்பும் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பான். திருப்பிய நொடியில் "போதும்டா" என்று சொல்லி வாயில் ஒரு துண்டு ஈரல். அதுவும் ஆட்டீரல்தான். கோழி ஈரலைக் கொடுத்துக் கோழியைத் தொடாதே என்று சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு தரம் நாய் பாய்ந்த வேகத்தில் மடியிலிருந்த மிக்ஸியோடு அவனும் சேற்றில் விழுந்தான். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்து, "யாரு யாரைப் பழக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போகப் போக, கடன் கொடுத்தவரைத் தெருவில் கண்டவன் மாதிரி ஜமீன்தார் கோழியைக் கண்டதும் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியது. ஆனாலும் அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. தான் பக்கத்தில் இருக்கும்போது ஒழுங்காக இருப்பது பெரிய காரியமா? வேலைக்குப் போகும்போது நாயைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டுத்தான் போவான்.

ஒருநாள் யார் வீட்டிலோ ஏணி மேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"உடனே கிளம்பி வா."

"என்னக்கா ஆச்சு?"

"வான்னா வா." போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

மின்விசிறியை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடினான். வண்டியில் வரும்போதே சமாதானம் பேசிப் பார்த்தான், அக்காவிடம் இல்லை, தன்னிடம்தான். இனி அந்த நாயை யாரிடம் கொண்டுபோய் விடுவது?

முற்றத்தில் அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். குழாயடியில் நாய் இல்லை. அதன் சோற்றுத் தட்டைச் சுற்றிக் கோழிகள் பந்தியில் உட்கார்ந்தது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்து இரண்டடி தள்ளி, கயிறே இல்லாமல், சுவரைப் பார்த்தபடி ஜமீன்தார் உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. உடம்பு நடுங்கியது. தலை மட்டும் திரும்பவில்லை.

"வெயில்ல கட்டிட்டுப் போயிட்ட. நிழலுக்கு மாத்தலாம்னு அவிழ்த்தேன், நழுவிடுச்சு" என்றாள் அக்கா. "சோறு வச்சா வந்துடும்னு வச்சேன். இதுங்க மொய்ச்சுக்கிச்சு. போச்சு, தொலைஞ்சோம்னு நினைச்சேன். அது போய் சுவத்துக்கிட்ட உட்கார்ந்துடுச்சு. கோழிங்களை விரட்டிட்டும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். திரும்பவே மாட்டேங்குது."

அவனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. படியில் உட்கார்ந்தான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"போதும்டா, வா" என்றான். நாய் திரும்பி ஓடிவந்து அவன் மடியில் முகத்தைப் புதைத்தது.

அக்கா கோழிகளைத் துரத்திவிட்டு, தட்டைக் கழுவிப் புதுச்சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.

"அந்த 'போதும்டா'வை நான் சொன்னாலும் கேக்கற மாதிரி அதைப் பழக்கிவிடு" என்றாள். "நீ வேலைக்குப் போற நாளெல்லாம் அது பட்டினி கிடக்க முடியுமா?"