ஜெயபாய் பெயரில் வந்த புகை

ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது ஜெயபாய் வீட்டு ஓட்டின்மேல் தடாலென்று புகை விழுந்தது. நெல்மூட்டை விழுந்தது போலச் சத்தம் கேட்டதாக அக்கம்பக்கத்தார் பிறகு சொன்னார்கள். வீடு மட்டும் கறுத்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பருத்தி வெயிலில் பளிச்சென்று இருந்தது. பழைய புகைகள் திரும்பி வரத் தொடங்கியிருந்த வருடம் அது என்பதால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. வடசேரியில் நேந்திரங்காய் விலை ஏறியது, குலசேகரத்தில் ரப்பர் விலை இறங்கியது, புகை திரும்பி வந்தது, அவ்வளவுதான். எரித்தவர் வீட்டைத் தேடித்தானே வருகிறது, நியாயம்தான் என்றார்கள். கடல் தாண்டிய பெரிய ஆலைகளின் புகையும் திரும்பியதாம். அங்கே யார் பெயரைப் பதித்து வைத்திருந்தார்களோ, அந்தப் புகையில் பாதி நம் கடற்கரையில் இறங்கியது.

ஜெயபாய் எதையும் எரித்தவள் அல்ல. தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கேஸ் அடுப்பைக்கூடச் சிம்மில் வைப்பவள். எரித்தது அவளுடைய அண்ணன் செல்வதாஸ். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் செங்கல் சூளை வைத்து, முதலில் விறகு, பிறகு முந்திரித் தோடு, கடைசியில் பழைய டயர் என்று எரித்துப் பாதி ஊருக்குச் சுவர் கொடுத்தவர். தொடக்கத்தில் அவருடைய கல்லில் 'செல்வம்' என்று பதிந்திருக்கும். திடீரென்று ஒரு நாள் அச்சை மாற்றித் தங்கச்சி பெயரைப் போட்டார். ஜெயபாய் அன்று அழுதுவிட்டாள். வீடு கட்டும் இடம் கண்ணில் பட்டால் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய், அடுக்கி வைத்த கல்லில் தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். அதன் பிறகும் சூளை பல வருடம் எரிந்தது. செல்வதாஸ் தன் மார்த்தாண்டத்து வீட்டின்மேல் மாடி எழுப்பினார்.

புகைக்கு ஆள் முகம் தெரியாது. கல்லில் கடைசியாகப் பதிந்த பெயர்தான் தெரியும். அதற்கு எழுத்துப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. வாலிபர் சங்கத்தார் பெரிய மின்விசிறி வைத்து விரட்டினார்கள். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. மழை பெய்தாலும் வீட்டுக்குள் சூடு இறங்கவில்லை. அந்த வாரம்தான் மகள் பிரீனாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அண்ணன் தம்பி இருவர், புகைப்புரைச் சுவரில் இரண்டு பெயரையும் எழுதிப் புகையைப் பங்கு வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டு, ஜெயபாய் மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினாள்.

"அண்ணா, ரெண்டு பேருக்க பேரும் போட்டு ஒரேயொரு கல்லு சுட்டுத் தா. பாதிப் பொக இங்க வரட்டு. பிள்ளைக்கு மூச்சு விடணும்."

"ஏட்டி, ஒனக்க கழுத்துல கெடக்க மாலை எதுல வந்துது? பிரீனாக்க நர்சிங் படிப்பு? எல்லாம் அந்தப் பொகதானே?"

"செரி, அந்தப் பங்கு எனக்கதுதான். இல்லைண்ணா சொன்னேன்? ஒனக்க மாடி எந்தப் பொகையில வந்துது?"

செல்வதாஸ் சீலிங்கைப் பார்த்தார். "இப்பிடித் திரும்பி வரும்ணு அண்ணைக்கு யாருக்கு மக்கா தெரியும்? தெரிஞ்சிருந்தா எரிச்சிருப்பேனா?"

சூளையை இடித்து மனை போட்டு விற்றாகிவிட்டது, அச்சையும் கடைசிச் சூளையில் போட்டு எரித்தாகிவிட்டது என்றார். வேறு சூளையில் சுட்ட கல்லைப் புகை மதிப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். தெரியாமல் செய்தவனிடம் என்ன சண்டை என்று, ஜெயபாய் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள்.

புகை இன்றும் அங்கேதான் நிற்கிறது. கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைப் 'புகைவீடு' என்றே கூப்பிடுகிறார்கள். தபால்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வருகிறார். களியக்காவிளையில் அப்பா வீட்டில் வளரும் பேத்தி, கிறிஸ்துமஸுக்கு வந்தால் வேலிக்கு வெளியே நின்று கையாட்டுவாள். உள்ளேயிருந்து ஒரு கை பதிலுக்கு ஆடும்.

ஜெயபாய் மட்டும் அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. அன்று அடுக்களையில், காலண்டருக்குப் பின்னால் சுவர் கறுத்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டிருந்தாள். அண்ணன் மனைவி ரெஜிலா மைனி மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அது பழைய பொக, பிள்ளே. ஒருக்க இங்க வந்துது. ஒனக்க அண்ணன் மறுநாளே கல்லுல ஒனக்க பேரைப் போட்டாரு, பொறவு வரவே இல்ல."