டீக்கு ஸ்ட்ராங், மழைக்கு ஹெவி

அவள் படித்தது நர்ஸ் படிப்பு. செய்வதோ, வெளிநாட்டு மருத்துவமனையில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் பாஸானால்தான் ஊசியைத் தொட விடுவார்கள். நர்ஸானால்தான் ஊரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்த மகளை இங்கே அழைத்துக்கொள்ள முடியும். புருஷன் என்கிற பேர்வழி எப்போதோ கம்பி நீட்டிவிட்டான். இவள் விட்டுவந்தபோது குழந்தைக்கு மூன்று வயது, இப்போது ஆறு. தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்றாவதும் போனால் அடுத்த இரண்டு வருஷத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாதாம்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஜோடி இருக்கும்மா. ஜோடியை மாத்தினா எதிராளிக்குப் புரியும், ஆனா மார்க் விழாது" என்றார் டியூஷன் மாஸ்டர்.

டீ என்றால் ஸ்ட்ராங், மழை என்றால் ஹெவி. தூக்கம் டீப், டிராஃபிக் மறுபடியும் ஹெவி. யார் இதுகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சீட்டுச் சீட்டாக எழுதி, குழாய், கெட்டில், ஜன்னல் என்று அறை முழுக்க ஒட்டினாள். குளிக்கும்போதும் முணுமுணுத்தாள்.

"தினமும் யார்கிட்டயாவது வாய்விட்டுப் பேசிப் பழகுங்க" என்றும் மாஸ்டர் சொல்லியிருந்தார். அவளுக்குப் பேச ஆள் ஏது? மதிய இடைவேளையில் மகளோடு பேசுகிற இருபது நிமிஷம் ஒன்றுதான் இருந்தது. அதில் கை வைத்தாள்.

"ஹெவி?"

"ரெய்ன்!"

"ஸ்ட்ராங்?"

"டீ!"

குழந்தைக்கு அது பிடித்துப்போயிற்று. இவளைவிட வேகமாகச் சொல்ல ஆரம்பித்தது. ஒருநாள் நடுவில் நிறுத்தி, "அம்மா, எனக்கு முன்பல்லு விழுந்துடுச்சு" என்றது.

"அப்படியா கண்ணு! அதை அப்புறம் பேசலாம். இப்ப சொல்லு, டீப்?"

"ஸ்லீப்" என்றது குழந்தை, சற்றுத் தாமதித்து.

அந்த அப்புறம் வரவே இல்லை. அடுத்த நாளும் ஜோடிதான், அதற்கடுத்த நாளும் ஜோடிதான். எட்டு மாசம் ஓடியது. மனசு உறுத்தும்போதெல்லாம், எல்லாம் மகளுக்காகத்தானே என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். வேறு எப்படித் தாங்குவது?

தேர்வு நாள் வந்தது. "உங்களுக்கு மிகவும் நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் தேர்வாளர். அவள் மகளைப் பற்றிச் சொன்னாள். குளோஸ் ரிலேஷன்ஷிப், ஸ்ட்ராங் பாண்ட், பிரைட் ஃப்யூச்சர் என்று ஒரு ஜோடியும் பிசகவில்லை. தேர்வாளர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் மதியம், விரிப்புகள் குவிந்த வண்டியை வராந்தாவில் அப்படியே நிறுத்திவிட்டு போனைத் திறந்தாள். பாஸ். சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். போகிற வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். கண்ணைக்கூடத் துடைக்காமல் அக்காவின் நம்பரை அழுத்தினாள்.

குழந்தைதான் எடுத்தது. இவள் வாயைத் திறப்பதற்குள் அது உள்பக்கம் பார்த்துக் கத்தியது.

"அம்மா! ஜோடி மிஸ் போன் பண்ணிருக்காங்க!"

"இதோ வரேன்டா தங்கம்" என்று அக்காவின் குரல் கேட்டது.

அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு... அந்தப் பல்லு முளைச்சிடுச்சாடா?" என்றாள்.

"எந்தப் பல்லு? அதெல்லாம் எப்பவோ முளைச்சிடுச்சு" என்றது குழந்தை. பிறகு, நல்ல மாணவியாக, "நான் ரெடி மிஸ். கேளுங்க" என்றது.